ஆபிரிக்க மண்டபத்தின் வண்ணச் சாளரம்

மாணவர் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருக்கின்றது. அவர் பயிலும் கல்லூரியில் புதிய மண்டபம் ஒன்று அமைக்க எண்ணியிருக்கின்றார்களாம். மரபு விளங்க வேண்டுமாயின் பழைய தூண்களும் போதிகைகளும் வைத்துக் கட்டுவதே முறை என்பது பெரியோர் சிலரின் கட்சி. காலத்துக்கேற்ற கட்டடமே வேண்டும், பழைமையின் நிழலும் அதில் விழலாகாது என்பது இளைஞரின் கட்சி. இவ்விரு கட்சிகளுள் எது சரி என்று கேட்டு, அம்மாணவர் நம்மை நடுவராக்கியிருக்கின்றார்.

நடுவர் பதவி நமக்கு வேண்டாம். தீர்ப்புக் கூறுவதிலும், இதே வழக்கு வேறொரு நாட்டில் எவ்வாறு தீர்ந்தது என்று காட்டுவது பயனுடையது என எண்ணுகின்றோம். ஆதலின் இக்கிழமை வாசகர்களை எதியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபாவுக்கு அழைத்துச் செல்கின்றோம். அந்நகரில், தேசிய மாளிகைக்கு எதிரே, 1961 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட கட்டடம் ஒன்று நிற்கின்றது. ஆபிரிக்க மண்டபம் என்பது அதன் பெயர். அதன் வாயிலுள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது 150 சதுர மீற்றர் பரப்புள்ள ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம். அச்சாளரத்தின் கதையே நாம் கூறவந்தது.

எதியோப்பியா பழைமைக்குப் பஞ்சமில்லாத நாடு. அங்கே அக்சும் நகரிலிருந்து ஆண்ட மன்னர்கள் செங்கடல் வாணிகத்தால் சிறந்தவர்கள். தம் பெயர் பொறித்த பொன் நாணயங்களை வெளியிட்டவர்கள். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர், எதியோப்பியாவிலிருந்தும் கப்பல்கள் நமது இலங்கைத் தீவுக்கு வந்து போயின என்று எழுதிவைத்திருக்கின்றார். ஆகவே அந்நாடு நம் முன்னோருக்கு முற்றிலும் அறியாத நாடு அன்று.

அக்சும் மன்னர்கள் தம் முன்னோர் கல்லறைகளின் மீது மாபெரும் ஒற்றைக்கல் தூண்களை நாட்டினர். அவற்றுட் பெரியன பல மாடிகளைக் கொண்ட வீடு போலச் செதுக்கப்பட்டவை. அடியிலே கதவு இருக்கும்; அதிலே தாழ்ப்பாளுங்கூட இருக்கும். மேலே மாடிக்கு மாடி சாளரங்கள் இருக்கும். ஆயினும் அக்கதவு திறவாது. அச்சாளரங்களில் ஒளி புகாது. எல்லாம் கல்லிலே செய்த வேலைப்பாடு. பிற்காலத்தில் லாலிபேலா என்னும் ஊரிலே பதினொரு தேவாலயங்களைக் கல்லை அடுக்கிக் கட்டாமல், பாறையைக் குடைந்தே சமைத்தார்கள். காண்போர் இன்றும் வியந்து நிற்கும் வேலை அது.

இத்தகைய செல்வத்தை உடைய நாடு புதிய மண்டபம் ஒன்று கட்ட முற்பட்டால் என்ன செய்யும் என்று எதிர்பார்ப்போம்? அக்சும் தூணைப் போல ஒரு கோபுரம் எழுப்பும். லாலிபேலாவின் வளைவுகளைச் சுவரெங்கும் பொறிக்கும் என்றே எதிர்பார்ப்போம். எதியோப்பியா அவ்வாறு செய்யவில்லை. அதன் காரணத்தை அறிய, அந்நாடு பட்ட பாட்டையும் சிறிது அறிதல் வேண்டும்.

1889 ஆம் ஆண்டில் எதியோப்பியாவும் இத்தாலியும் வுச்சாலே என்ற இடத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பதினேழாம் பிரிவு அம்ஹாரிய மொழியில் ஒன்று கூறிற்று. இத்தாலிய மொழியில் வேறொன்று கூறிற்று. எதியோப்பிய மன்னர் விரும்பினால் அயல்நாடுகளோடு இத்தாலியின் வாயிலாகத் தொடர்பு கொள்ளலாம் என்பது அம்ஹாரிய வாசகம். அவ்வாறே கொள்ளவேண்டும் என்பது இத்தாலிய வாசகம். 'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையே ஒரு நாட்டின் சுதந்திரமே அடங்கியிருந்தது. இரண்டாம் மெனெலிக் சக்கரவர்த்தி அவ்வுடன்படிக்கையை மறுத்தார். போர் மூண்டது. 1896 மார்ச் 1 ஆம் திகதி அட்வா மலைகளிடையே இத்தாலியப் படை முறியடிக்கப்பட்டது. மன்னரோடு அரசி தைத்துவும் படையுடன் களத்துக்குச் சென்றிருந்தார். ஐரோப்பியர் ஆபிரிக்கக் கண்டத்தைக் கூறுபோட்டுக்கொண்டிருந்த காலத்தில், அட்வாவின் செய்தி உலகெங்கும் ஒடுக்கப்பட்டோரின் செவியில் தேனாய்ப் பாய்ந்தது.

அந்தத் தோல்வியை இத்தாலி மறக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிவதற்குள், 1935 இல், முசோலினியின் படைகள் எதியோப்பியாவினுட் புகுந்தன. விமானங்களிலிருந்து நச்சுப் புகை பெய்தன. 1936 இல் தலைநகர் வீழ்ந்தது. ஹைலே செலாசி சக்கரவர்த்தி அவ்வாண்டு ஜூன் மாதம் ஜெனீவா நகரிலே சர்வதேச சங்கத்தின் முன் நின்று நீதி கேட்டார். கேட்டவர் பலர், உதவியவர் இலர். 1937 இல், அக்சும் நகரிலே விழுந்து துண்டுகளாய்க் கிடந்த 24 மீற்றர் நீளமான தூண் ஒன்றை இத்தாலியர் உரோமாபுரிக்கு எடுத்துச் சென்று, அங்கே வெற்றிச் சின்னமாக நிறுத்தினர். 1941 இல் நாடு விடுதலை பெற்றது. தூண் மட்டும் திரும்பவில்லை. மரபுச் செல்வத்தைக் கல்லில் மட்டும் வைத்திருந்தால் அதனைப் பிறர் தூக்கிச் செல்லவும் கூடும் என்பதை எதியோப்பியர் இவ்வாறு நேரிலே கண்டனர்.

1958 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, ஆபிரிக்காவுக்கென ஒரு பொருளாதார ஆணைக்குழுவை அமைத்து, அதன் தலைமையகத்தை அடிஸ் அபாபாவிலே வைத்தது. அதற்கு ஒரு மண்டபம் கட்டித் தருவதாகச் சக்கரவர்த்தி ஏற்றுக்கொண்டார். வரைபடம் வகுக்கும் பொறுப்பு ஆர்த்துரோ மெத்செதிமி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இத்தாலியிலே பிறந்து, அஸ்மாராவிலே வாழ்ந்து தொழில் செய்த கட்டடக் கலைஞர். தன் தலைநகரைக் கைப்பற்றிய நாட்டில் பிறந்த ஒருவரை, விடுதலை பெற்று இருபது ஆண்டுகள் செல்வதற்குள் தன் பெருமைக்குரிய மண்டபத்தைக் கட்ட அழைத்த நாட்டின் மனப்பான்மையை வாசகர்கள் சற்றே சிந்திக்க வேண்டும். படையெடுத்த அரசு வேறு, தொழில் தெரிந்த மனிதர் வேறு என்று பிரித்தறியும் தெளிவு அது. ஏறக்குறைய 18 மாதங்களில் வேலை முடிந்தது. கட்டடம் முற்றிலும் அக்காலத்துப் புதுப் பாணியில் எழுந்தது. அதிலே பழைய கோபுரமும் இல்லை. பாறைக் குடைவின் சாயலும் இல்லை.

அவ்வாறாயின் மரபு எங்கே போயிற்று? அது வாயிற் கூடத்துக்கு வந்து, ஒளியிலே குடியேறிற்று. அவ்வேலையைச் செய்தவர் அஃபவர்க் தெக்லே என்னும் எதியோப்பிய ஓவியர்.

1932 இல் அங்கோபர் என்னும் பழம்பதியிற் பிறந்த அஃபவர்க், 1947 இல் அரசாங்கத்தின் உதவியோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அனுப்பியது ஓவியம் பயில்வதற்கு அன்று. சுரங்கப் பொறியியல் பயில்வதற்கு. புறப்படுமுன் சக்கரவர்த்தி தமக்கும் உடன்சென்ற மாணவருக்கும் கூறிய அறிவுரையை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. திரும்பி வரும்போது ஐரோப்பாவின் உயர்ந்த மாளிகைகளையும் அகன்ற வீதிகளையும் பற்றி நமக்குக் கதை சொல்ல வேண்டாம். நாட்டை மீண்டும் கட்டியெழுப்பும் திறமையையும் மனத்தையும் கொண்டு வாருங்கள் என்பதே அவ்வறிவுரையின் கருத்து. கடல் கடந்து கற்கச் செல்லும் எந்நாட்டு மாணவரும் மனத்தில் இருத்தத்தக்க சொல் அது.

இளைஞருக்கு ஓவியத்திலே நாட்டம் மிகுந்தது. பொறியியலை விட்டு இலண்டனில் ஓவியக் கல்லூரிகளிற் பயின்றார். புகழ்பெற்ற சிலேட் கலைக்கல்லூரியிலும் கற்றார். 1954 இல் தாய்நாடு திரும்பி, அடிஸ் அபாபாவிலே தம் முதற் கண்காட்சியை நடத்தினார். பின்னர் மீண்டும் ஐரோப்பா சென்று ஈராண்டுகள் பல நாடுகளிலும் சுற்றினார். வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைக்கும் தொழிலை அப்போது கற்றுக்கொண்டார்.

அப்பயணத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் உண்டு. அதனை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு நெகிழ்கின்றது. எதியோப்பியத் துறவியர் தோலிலே எழுதி வண்ணப்படம் தீட்டிய பழைய சுவடிகள் பல, இலண்டனிலும் பாரிஸிலும் வத்திக்கானிலும் உள்ள நூலகங்களிலே இருக்கின்றன. இலண்டனில் இருப்பவற்றுட் பல, 1868 இல் மக்தலாக் கோட்டையைத் தாக்கிய ஆங்கிலப் படையால் எடுத்துச் செல்லப்பட்டவை. தம் முன்னோர் தீட்டிய படங்களைக் காண்பதற்கு அந்த எதியோப்பியர் அயல்நாட்டு நூலகங்களின் வாயில்களிலே செல்ல வேண்டியிருந்தது. அவர் சென்றார், மனமுடைந்து திரும்பவில்லை. அப்பழைய ஓவியங்களின் கோட்டையும் வண்ணத்தையும், அகன்று விழித்து நோக்கும் அவற்றின் கண்களையும் ஊன்றிக் கற்றார். சுவடிகள் அங்கேயே இருந்தன. கற்றது அவரோடு நாடு திரும்பிற்று.

வண்ணக் கண்ணாடிச் சாளரம் என்பது கண்ணாடியின் மேல் வண்ணம் பூசுவது மட்டும் அன்று. கண்ணாடியை உருக்கும்போதே உலோகக் கூட்டுகளைச் சேர்த்து நிறம் ஏற்றுவர். அவ்வண்ணக் கண்ணாடியைப் படத்துக்கேற்பத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துப் பொருத்துவர். சுவரோவியம் தன்மேல் விழும் ஒளியாலே தெரியும். சாளர ஓவியமோ தன்னூடு புகும் ஒளியாலே தெரியும். காலை வெயிலில் ஒரு தோற்றம், மாலை வெயிலில் ஒரு தோற்றம், மேகம் மூடினால் வேறொரு தோற்றம் என அது நாழிகைக்கு நாழிகை மாறும். அக்சும் தூணிலே ஒளி புகாத சாளரங்களைச் செதுக்கிய நாட்டின் வழித்தோன்றல், ஒளியே உருவான சாளரத்தைப் படைத்தார். அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

அச்சாளரம் மூன்று பகுதிகளைக் கொண்டது. ஆபிரிக்காவின் முழு விடுதலை என்பது அதன் பொருள். ஒரு பகுதி, கண்டம் கடந்து வந்த துயரத்தைக் காட்டுவது. ஒரு பகுதி, அது நடத்திய போராட்டத்தைக் காட்டுவது. ஒரு பகுதி, அது கொண்டுள்ள நம்பிக்கையைக் காட்டுவது. எதியோப்பியக் குடும்பம் ஒன்று தீப்பந்தம் ஏந்தி முன்னே செல்கின்றது. ஆபிரிக்காவின் ஏனைய மக்கள் தத்தம் நாட்டு உடையணிந்து உடன் வருகின்றனர்.

இங்கே இரண்டு செய்திகளை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, அஃபவர்க் துயரத்தை மறைக்கவில்லை. மரபைக் கொண்டாடுதல் என்றவுடன் வெற்றிகளை மட்டும் அடுக்குவது பலருக்கும் வழக்கம். அட்வா வெற்றி ஒன்றையே தீட்டியிருந்தாலும் குறைகூறுவார் இலர். அவரோ பட்ட துன்பத்தையும் அரச மண்டபத்தின் வாயிலிலேயே வைத்தார். இரண்டாவது, பந்தம் ஏந்தி முன்னே செல்வது அரசனோ படைத்தலைவனோ அன்று, ஒரு குடும்பம். பின்வருவோரும் தம் உடையைக் களைந்து எதியோப்பியரைப் போல் உடுத்தவில்லை. தத்தம் கோலத்திலேயே வருகின்றனர். ஒற்றுமை என்பது எல்லோரும் ஒரே சாயலாதல் அன்று என்பதை இதனினும் எளிதாகக் கூறுதல் அரிது.

மண்டபம் திறக்கப்பட்ட காலமும் ஏற்ற காலமாய் அமைந்தது. 1960 என்னும் ஓராண்டிலேயே ஆபிரிக்காவில் 17 நாடுகள் சுதந்திரம் பெற்றன. அந்நாடுகள் ஒன்று சேர வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்பட்டனர். எவ்வாறு சேர்வது என்பதிலேதான் பிணக்கு. கானாவின் குவாமே நிக்குருமா போன்றோர் உடனே ஓர் ஒன்றியம் காணத் துடித்தனர். படிப்படியாகச் செல்வோம் என்றனர் வேறு சிலர். இரு திறத்தாரும் 1963 மே மாதம் இம்மண்டபத்திலே கூடினர். அந்தச் சாளரத்தின் ஒளியைக் கடந்தே தலைவர்கள் அவைக்குட் சென்றனர். மே 25 ஆம் திகதி 32 நாடுகள் ஆபிரிக்க ஒற்றுமைத் தாபனத்தின் சாசனத்தை ஏற்றுக் கைச்சாத்திட்டன. அந்நாளே இன்றும் ஆபிரிக்க தினமாகக் கொண்டாடப்படுகின்றது. தென்னாபிரிக்கா 1994 இல் நிறவெறி ஆட்சியிலிருந்து விடுபட்டு அத்தாபனத்திற் சேர்ந்தபோது, சாளரத்தின் நம்பிக்கைப் பகுதி தீட்டப்பட்டு முப்பதாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 2002 இல் அத்தாபனம் ஆபிரிக்க ஒன்றியமாக மாறிற்று.

ஆயினும் உண்மையை முழுதும் கூறுதல் நம் கடன். அழகிய சாளரம் ஒன்று போரை நிறுத்திவிடுவதில்லை. மண்டபத்தைக் கட்டுவித்த சக்கரவர்த்தி 1974 இல் பதவியிழந்தார். மறு ஆண்டு மாண்டார். நாட்டை வறட்சியும் பஞ்சமும் கொடிய இராணுவ ஆட்சியும் வாட்டின. 2020 முதல் 2022 வரை திக்ரே மாகாணத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. அக்சும் நகரும் அட்வா மலைகளும் இருப்பது அந்த மாகாணத்திலேதான். மூதாதையர் ஒன்றுகூடி அந்நியரை வென்ற மண்ணிலேயே உடன்பிறந்தார் ஒருவரையொருவர் கொன்றனர். போரின் துயரை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சாளரத்தின் மூன்று பகுதிகளுள் முதலாவது பகுதி பழங்கதையாய் முடிந்துவிடவில்லை. இதனாலேயே அச்சாளரத்துக்கு இன்றும் வேலை இருக்கின்றது.

இனி, மண்டபத்தின் பிற்கதை. அறுபதாண்டு வெயிலும் மழையும் எக்கட்டடத்தையும் தளர்த்தும். ஐக்கிய நாடுகள் சபை ஏறக்குறைய 5 கோடி 70 இலட்சம் அமெரிக்க டொலர் ஒதுக்கி ஆபிரிக்க மண்டபத்தைப் புதுப்பித்தது. அஃபவர்க்கின் கண்ணாடிகளும் செப்பனிடப்பட்டன. 2024 ஒக்டோபரில் மண்டபம் மீண்டும் திறக்கப்பட்டது. ஓவியர் அதனைக் காண இருக்கவில்லை. அவர் 2012 இலேயே காலமானார். உரோமாபுரிக்குச் சென்ற தூணும் 2005 இல் மூன்று துண்டுகளாகத் தாயகம் வந்து, 2008 இல் அக்சும் நகரிலே மீண்டும் நிமிர்ந்தது. 2024 பெப்ரவரியில் அடிஸ் அபாபாவின் நடுவிலே அட்வா வெற்றிக்கென ஒரு பெரிய நினைவகமும் திறக்கப்பட்டது. போற்றுதற்குரிய பணிகளே இவை. எனினும் ஆபிரிக்க மண்டபத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது பார்த்து வியப்பதற்கு மட்டும் எழுந்த சின்னம் அன்று. மக்கள் கூடி வழக்காடவும் முடிவு காணவும் எழுந்த அவை. அங்கே மரபு தனி அறையிலே பூட்டிவைக்கப்படவில்லை. வேலைக்கு வருவோரின் வழியிலே நிற்கின்றது.

இனி நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். பழைய தூண் வேண்டுமா, புதிய பாணி வேண்டுமா என்பது இரண்டாவதாகக் கேட்கத்தக்க கேள்வி. எதியோப்பியர் முதலிற் கேட்டது வேறு: "வாயிலில் நுழைவோருக்கு நாம் சொல்ல வேண்டியது என்ன?" என்பதே அது. சொல்ல வேண்டியது தெளிவானபின், கட்டடத்தை இத்தாலியர் வகுத்ததாலும், தொழிலை ஐரோப்பாவிலே கற்றதாலும் அவர்கள் மரபுக்கு ஒரு குறைவும் நேரவில்லை. சொல்ல வேண்டியதை அறியாமல் எழுப்பும் மண்டபத்திலே போதிகையும் பூவேலையும் எத்துணை இருந்தாலும், அவை அக்சும் தூணின் கதவு போலத் திறவாமலே இருக்கும்.

ஆகவே அம்மாணவருக்கும் அவர்தம் தோழருக்கும் நாம் சொல்வது இது. பெரியோரோடு வாதாடுவதைச் சிறிது நிறுத்துங்கள். அவர்களிடம் சென்று உட்கார்ந்து, உங்கள் கல்லூரி எவ்வாறு தொடங்கிற்று, யார் கல் சுமந்தனர், எந்த ஆண்டுகளிலே துன்பப்பட்டது, எப்போது மூடிக்கிடந்தது, யார் மீண்டும் திறந்தனர் என்று கேட்டு எழுதுங்கள். பெருமையை மட்டுமன்றி இழப்பையும் எழுதுங்கள். பின்னர் உங்களுள்ளே படம் தீட்டத் தெரிந்த ஒரு பிள்ளையைத் தேடுங்கள். எவ்வூரிலேனும் கற்றுவரச் செய்யுங்கள். மண்டபத்தில் ஒரு சுவரை அவனுக்கோ அவளுக்கோ என ஒதுக்கி வையுங்கள். அது கதிரவன் ஒளி படும் சுவராக இருக்கட்டும்.

சுவர் ஆயத்தமானதும் நமக்கு ஒரு வரி எழுதுங்கள். நாமும் வந்து பார்க்கின்றோம்.